குளோரின் வாளிக்கு முன் வாங்க வேண்டிய சிறு பெட்டி

போன கோடை தொடங்கியபோது வாங்கிய குளோரின் மாத்திரை வாளியும், எங்கள் வீட்டு நீச்சல் குளத்துக்கென்று முதன்முதலாக வாங்கிய வாளியும் ஒரே அளவு, ஒரே எடை, மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அதே நெடி. விலை மட்டும் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. பழைய ரசீதைத் தேடி எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நம்ப முடியவில்லை. அந்த 5 கிலோ வாளியும் ஏழே வாரத்தில் காலியானது.

விலை ஏறியதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஏழு வாரத்தில் காலியானது ஏன் என்ற கேள்வி என் கையில் இருந்தது. அந்தக் கேள்விதான் என்னை ஒரு சிறு பெட்டியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. குளத்து நீரைச் சொட்டுச் சொட்டாக எண்ணிச் சோதிக்கும் பெட்டி. எஃப்ஏஎஸ்-டிபிடி முறை என்று அதன் மூடியில் எழுதியிருக்கும். ஒரு வருடம் முழுக்கப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். குளோரின் செலவு கையைக் கடிக்கிறது என்று சொல்பவர்கள் அடுத்த வாளியை வாங்குவதற்கு முன் இதைப் படிக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

எங்கள் குளம் 40,000 லிட்டர் கொள்வது. அது எங்களுக்கு ஆடம்பரம் அல்ல. என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். தரையில் பத்து நிமிடம் நடந்தால் வீங்கிவிடும் கால், மார்பளவு நீரில் நாற்பது நிமிடம் தாங்குகிறது. தினமும் காலையில் அவள் நடந்தாக வேண்டும். அதனால், செலவு கட்டவில்லை, குளத்தை மூடிவிடலாம் என்ற பேச்சுக்கே எங்கள் வீட்டில் இடமில்லை.

விலை ஏன் இப்படி ஏறியது என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 2020-இல் நோய்த்தொற்றுக்கு அஞ்சி மக்கள் வீட்டிலேயே இருந்தபோது, வீட்டுக் குளங்களின் தேவை கூடியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று லாரா சூறாவளி அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைத் தாக்கியபோது, லேக் சார்ல்ஸ் நகருக்கு அருகே மாத்திரைக் குளோரின் தயாரித்துவந்த பெரிய ஆலை ஒன்று தீப்பிடித்து எரிந்தது. தேவை ஏறிய வேளையில் வரத்து சுருங்கினால் விலை என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. வாளி பழைய விலைக்குத் திரும்பும் என்று இரண்டு கோடை காத்திருந்தேன். திரும்பவில்லை.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

அதை வாங்கத் தூண்டியது ஒரு காலை நேரத்துப் பேச்சு. படியில் இறங்கிக்கொண்டிருந்த மனைவி கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, “என்னங்க, படி வழுக்குகிறது” என்றாள். குனிந்து தடவிப் பார்த்தேன். விரலில் கொழகொழவென்று ஒட்டியது. நிழல் விழும் பக்கச் சுவரில் லேசான பச்சை. மிதவையில் மூன்று மாத்திரைகள் கரைந்துகொண்டுதான் இருந்தன. சோதனைத் தாள் பட்டையை நனைத்துப் பார்த்தால் குளோரின் 3 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு நீருக்கு 3 பங்கு, என்று நல்ல நிறம் காட்டியது. குளோரின் இருக்கிறது, பாசியும் இருக்கிறது. இது எப்படி?

குளச் சாமான்கள் விற்கும் கடையில் கேட்டேன். முதலில் பாசிக்கொல்லி கொடுத்தார்கள். அடுத்த வாரம் பாஸ்பேட் நீக்கி. அதற்கடுத்த வாரம், வாரந்தோறும் அரைக் கிலோ குளோரின் தூளை அதிகப்படியாகப் போடச் சொன்னார்கள். அத்தனையும் செய்தேன். பச்சை மங்கும், பத்து நாளில் திரும்ப வரும். ஒருவர்கூட, “உங்கள் நீரில் சயனூரிக் அமிலம் எவ்வளவு?” என்று என்னிடம் கேட்கவில்லை. நானும் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பெயரே அப்போது எனக்குத் தெரியாது.

பெட்டி வந்த மாலை, கையேட்டைப் படித்துவிட்டு முதலில் அந்தச் சோதனையைத்தான் செய்தேன். ஒரு சிறு புட்டியில் குளத்து நீரையும் அதற்குரிய திரவத்தையும் சரிபாதியாக ஊற்றி அரை நிமிடம் குலுக்க வேண்டும். நீர் மோர்போல் கலங்கும். அடியில் கறுப்புப் புள்ளி உள்ள ஒரு கண்ணாடி போன்ற குழாயில் அந்தக் கலங்கிய நீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும். புள்ளி எந்த உயரத்தில் கண்ணிலிருந்து மறைகிறதோ அந்த உயரத்தில் பொறித்திருக்கும் எண்தான் அளவு. அமிலம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் புள்ளி மறையும்.

எனக்கு அடிக்கோட்டை நீர் தொடுவதற்கு முன்பே புள்ளி மறைந்துவிட்டது. அந்த அடிக்கோடு 100. அதற்குக் கீழே எண்ணே கிடையாது. கையேடு சொன்னபடி குளத்து நீரில் பாதிக்குக் குழாய் நீர் கலந்து மறுபடி செய்தேன். இப்போது 80-இல் மறைந்தது. நீரைப் பாதியாக்கியதால் இரட்டிக்க வேண்டும்: 160 பிபிஎம். வீட்டுக் குளத்துக்கு 30 முதல் 50 வரை போதும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. குழாயைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். இரண்டு கோடையாக என் குளத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அந்தக் கலங்கிய நீரில்தான் எனக்குத் தெளிந்தது.

சயனூரிக் அமிலம் கெட்ட பொருள் அல்ல. வெயிலில் குளோரினைக் காப்பதே அதுதான். அது இல்லாத நீரில், உச்சி வெயில் பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் குளோரினில் பாதிக்கு மேல் போய்விடும். அமிலம் குளோரினைத் தன்னோடு இருத்திவைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. ஆனால் அமிலம் மிகுந்துவிட்டால் விடும் அளவு மிகக் குறைந்துவிடும். குளோரின் நீரில் இருக்கும், வேலை செய்ய வராது. சோதனைத் தாளோ அமிலத்தோடு ஒட்டியிருக்கும் குளோரினையும் சேர்த்தே கணக்குக் காட்டும். என் தாள் பட்டை காட்டிய 3 பொய்யில்லை. அந்த 3-ஆல் பயனில்லை. குளம் பராமரிப்பவர்களிடையே வழங்கும் ஒரு கணக்குப்படி, அமிலத்தின் அளவில் ஏறக்குறைய 7.5 விழுக்காடாவது குளோரின் இருந்தால்தான் பாசி அடங்கியிருக்கும். 160-க்கு அது 12. நான் வைத்திருந்ததோ அதில் கால் பங்கு.

இவ்வளவு அமிலம் எங்கிருந்து வந்தது? நான் காசு கொடுத்து வாங்கிய மாத்திரையிலிருந்துதான். மாத்திரைக் குளோரினின் வேதிப்பெயர் ட்ரைக்ளோர். அதில் குளோரினைச் சுமந்துகொண்டிருப்பதே சயனூரிக் அமிலம். 200 கிராம் மாத்திரை ஒன்று என் குளத்தில் கரைந்தால் குளோரின் 4.5 ஏறும், அமிலமும் ஏறக்குறைய 2.7 ஏறும். குளோரின் இரண்டு நாளில் செலவாகிவிடும். அமிலம் செலவாகாது. நீர் ஆவியானாலும் அது போகாது. வெளியே தெறிக்கும் நீரோடும், வடிகட்டியைக் கழுவும் நீரோடும், மழையில் வழிந்தோடும் நீரோடும்தான் வெளியேறும். ஒரு வாளியில் 25 மாத்திரை. வாளிக்கு வாளி கூட்டிப் பாருங்கள்.

ஆக, நான் போட்ட ஒவ்வொரு மாத்திரையும் அடுத்த மாத்திரையின் வேலையைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அதைச் சரிக்கட்ட மேலும் மாத்திரை, மேலும் தூள், பாசிக்கொல்லி. விலை ஏற்றத்தைவிட இந்தச் சுழல்தான் என் பணத்தை அதிகம் தின்றது. மாத்திரை அமிலத்தன்மை கொண்டது என்பதால் நீரின் காரத்தன்மையும் இறங்கிக்கொண்டே இருக்கும். அதை ஏற்ற மாதம் ஒருமுறை சமையல் சோடா வேறு வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தச் செலவைக் குளோரின் கணக்கில் நான் சேர்த்ததே இல்லை.

சயனூரிக் அமிலத்தை இறக்க நீரை மாற்றுவதுதான் வீட்டில் நம்பிச் செய்யக்கூடிய வழி. 160-ஐ 40 ஆக்க, இரண்டு முறை பாதிப் பாதியாக மாற்றினேன். முதல் முறையில் 80, இரண்டாம் முறையில் 40. மொத்தத்தையும் ஒரே வீச்சில் வெளியேற்றிவிடாதீர்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் காலிக் குளம் மண்ணிலிருந்து எழும்பிப் பிளந்துபோகும் ஆபத்து உண்டு. நீரை வெளியேற்றுவதற்கு முன் குளோரின் போடுவதை நிறுத்தி, அளவு பூச்சியத்துக்கு வரும்வரை காத்திருந்துதான் திறந்துவிட்டேன். அவ்வளவு நீரை வீணாக்க மனம் வரவில்லை. மழைக்காலம் தொடங்கும் நேரம் பார்த்துச் செய்ததால் ஒரு பகுதியை மழையே நிரப்பித் தந்தது.

இனி பெட்டியின் முக்கியமான வேலையைப் பற்றி. குளோரின் சோதனையில்தான் இதன் அருமை இருக்கிறது.

10 மில்லிலிட்டர் நீரை அளந்து எடுக்க வேண்டும். கூடவே வரும் குட்டிக் கரண்டியால் இரண்டு கரண்டி வெள்ளைத் தூளைப் போட்டால் நீர் பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். அந்த நிறம் எவ்வளவு அடர்த்தி என்று எந்த அட்டையோடும் ஒப்பிட வேண்டாம். இன்னொரு புட்டியைத் தலைகீழாக, நேர்செங்குத்தாகப் பிடித்து ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக நிறம் வெளிறும். திடீரென்று ஒரு சொட்டில், முழுவதும் தெளிந்த நீராகிவிடும். அதுவரை விழுந்த சொட்டுகளை எண்ணிப் பாதியாக்கினால் குளோரின் அளவு. ஒன்பது சொட்டு என்றால் 4.5. நிறம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. ஆகவே யார் பார்த்தாலும் ஒரே விடை. தாள் பட்டையில் என் மனைவிக்கு ஊதாவாகத் தெரிவது எனக்குக் கருஞ்சிவப்பாகத் தெரியும். அந்தச் சண்டை ஓய்ந்தது.

பதினொரு வயது மகள் இந்த வேலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். சொட்டு விடுவது நான், எண்ணுவது அவள். நிறம் வெளிறத் தொடங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். “இன்னும் ஒரு சொட்டு இருக்கிறது அப்பா” என்று அவள் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தெளிந்த நீரில் மூன்றாவது புட்டியிலிருந்து ஐந்து சொட்டு விட்டு, சிவப்பு திரும்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். திரும்பினால் அது பிணைந்த குளோரின்: வியர்வை, சிறுநீர், தோல் அழுக்கு ஆகியவற்றோடு சேர்ந்து சக்தி இழந்துபோனது. நீச்சல் குளத்துக்கென்றே உரியதாக நாம் நினைக்கும் அந்தக் கண்ணெரிச்சலும் நெடியும் இதனால்தான். குளோரின் கூடிவிட்டதால் அல்ல. 0.5-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். இதை அறியாமல், நெடி வந்த நாட்களில் குளோரினைக் குறைத்துக்கொண்டிருந்தவன் நான்.

நீரை மாற்றிய பிறகும் வடிகட்டியிலும் ஏணியின் மறைவிலும் ஒட்டியிருந்த பாசியைக் கொல்ல, குளோரினை 16-க்கு ஏற்றி ஐந்து நாள் அங்கேயே நிறுத்தினேன். அந்த ஐந்து நாளும் யாரையும் குளத்தில் இறங்க விடவில்லை. என் தாள் பட்டையில் 10-க்கு மேல் நிறமே கிடையாது. சொட்டுச் சோதனையோ அதையும் தாண்டி அளக்கும். மகள் முப்பத்திரண்டு வரை எண்ணினாள். குளோரின் மிகுந்த நீரில் சிவப்பு ஒருமுறை மின்னிவிட்டு மறைந்துபோவதும் உண்டு. அப்போது குளோரினே இல்லை என்று ஏமாந்துவிடாமல் இன்னொரு கரண்டி தூள் போட வேண்டும்.

பாசி ஒழிந்ததா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. இந்தப் பெட்டி வாங்கியதன் பலனை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டியதும் அதுதான். இருட்டிய பிறகு ஒரு முறை, மறுநாள் வெயில் விழுவதற்கு முன் ஒரு முறை அளக்க வேண்டும். இரவில் சூரியன் இல்லை, குளிப்பவரும் இல்லை. அப்படியிருந்தும் 1 பிபிஎம்-க்கு மேல் குறைந்திருந்தால் குளத்துக்குள் ஏதோ ஒன்று குளோரினைத் தின்கிறது என்று பொருள். முதல் இரவு 16-இல் படுத்த குளம் 12-இல் விழித்தது. ஐந்தாம் இரவு வெறும் அரை பிபிஎம்தான் குறைந்தது. கண்ணுக்குப் பளிங்குபோல் தெரியும் நீரும் இரவில் குளோரினை இழக்கலாம். அது கண்ணுக்குத் தெரியாத செலவு. இப்போது மாதம் ஒருமுறை தவறாமல் இந்தச் சோதனையைச் செய்கிறேன்.

மாத்திரையை விட்டுவிட்டுத் திரவக் குளோரினுக்கு மாறினேன். சோடியம் ஹைப்போகுளோரைட் என்று கேனில் எழுதியிருக்கும். இதில் சயனூரிக் அமிலம் இல்லை. நீரில் சிறிது உப்பைத்தான் விட்டுச்செல்லும். தூள் வகையான கால்சியம் ஹைப்போகுளோரைட்டிலும் அந்த அமிலம் கிடையாது, ஆனால் சுண்ணாம்புச் சத்து ஏறும். ஏற்கெனவே கடினமான நீரில் ஓரத்து ஓடுகளில் வெள்ளை படியும். எது மலிவு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வாளியின் விலையையும் கேனின் விலையையும் நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். உள்ளே எத்தனை கிராம் குளோரின் இருக்கிறது என்று பாருங்கள். மாத்திரையில் நூற்றுக்கு 90. தூளில் பெரும்பாலும் 65 முதல் 70. 12.5 விழுக்காடு என்று எழுதிய திரவத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 125 கிராம். விலையை அந்தக் கிராமால் வகுத்தால்தான் உண்மை விலை வரும். அதன்பின் மாத்திரையோடு சேர்ந்து வரும் அமிலத்தை வெளியேற்ற மாற்ற வேண்டிய நீரின் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

40,000 லிட்டருக்கு 1 பிபிஎம் என்றால் 40 கிராம் குளோரின். திரவத்தில் அது 320 மில்லிலிட்டர். இந்த ஓர் எண்ணை அளவுக் குவளையில் மை கொண்டு கோடு போட்டுவைத்திருக்கிறேன். மாலையில் அளக்கிறேன், குறைவதற்கு ஏற்ப ஊற்றுகிறேன். நீர் திரும்பிவரும் குழாய்க்கு முன்னே, பம்ப் ஓடும்போது, மெதுவாக. அந்தி சாய்ந்த பிறகு ஊற்றினால் இரவு முழுவதும் வெயிலின் குறுக்கீடு இல்லாமல் அது வேலை செய்யும்.

திரவத்தின் குறையையும் சொல்ல வேண்டும். அது கெடும். வெப்பமும் வெளிச்சமும் பட்டால் விரைவாகக் கெடும். ஒரு முறை வாங்கிய கேனிலிருந்து 640 மில்லிலிட்டர் ஊற்றினேன். 2 பிபிஎம் ஏற வேண்டும். அரை மணி நேரம் பம்ப் ஓடிய பின் அளந்தால் 1தான் ஏறியிருந்தது. மறுநாளும் அப்படியே. கேனைத் திருப்பிப் பார்த்தால் தயாரித்த தேதி அழிந்திருந்தது. கடையின் முற்றத்து வெயிலில் எத்தனை வாரம் நின்றதோ. பாதி வீரியமுள்ள பொருளை முழு விலைக்கு வாங்கியிருக்கிறேன். பெட்டி இல்லையென்றால் குளத்தின் மேல் பழி போட்டிருப்பேன். இப்போது தேதி தெளிவாகத் தெரிந்தால்தான் கேனைத் தொடுகிறேன். ஒரு மாதத்தில் தீரும் அளவுக்கு மேல் வாங்குவதில்லை. இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கிறேன்.

ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிவருகிறேன். மாத்திரைக் காலத்தில் நாளுக்கு 90 கிராம் குளோரின் மாத்திரையிலேயே போனது. வாரந்தோறும் போட்ட தூளையும் நாள் கணக்கில் பிரித்தால் மொத்தம் ஏறக்குறைய 135 கிராம். நீரைச் சரிசெய்த பின், கோடை வெயிலில், நாளுக்கு 80 கிராம். நீரின் மேல் விரிக்கும் குமிழ்ப் போர்வை வாங்கி மூடத் தொடங்கிய பின் 40 கிராம். ஆகவே இந்தப் புகழில் ஒரு பங்கு போர்வைக்கும் உண்டு. எல்லாவற்றையும் பெட்டியின் கணக்கில் எழுதினால் அது நேர்மையாகாது. போர்வை போட்டால் ரசாயனச் செலவு 35 முதல் 60 விழுக்காடு வரை குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. என் நோட்டும் அந்த எல்லைக்குள்தான் நிற்கிறது. ஆனால் போர்வை எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது என்பதை எனக்குச் சொன்னதும் அந்தச் சொட்டுகள்தான். போர்வைக்குள் குளோரின் நான் நினைத்ததைவிட மெதுவாகக் குறைந்தது. பழைய அளவிலேயே ஊற்றிக்கொண்டிருந்தால் மிச்சம் ஆகியிருக்காது. அளவு மட்டும் ஏறிக்கொண்டே போயிருக்கும். பாசிக்கொல்லி, பாஸ்பேட் நீக்கி, சமையல் சோடா மூன்றும் பட்டியலிலிருந்தே போய்விட்டன. அவ்வப்போது நீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு, ஏறுவதால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சிறிது வாங்க வேண்டியிருக்கிறது. அதையும் குளோரினையும் வேறு வேறு அறையில் வைக்கிறேன். இரண்டும் கலந்தால் வருவது நச்சு வாயு.

பெட்டியின் குறைகள் சில உண்டு. கோடையில் தினமும் அளந்தால் சொட்டுப் புட்டி இரண்டு மூன்று மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. பெரிய புட்டி உள்ள பெட்டியையே முதலில் வாங்கியிருக்கலாம். சயனூரிக் அமிலத் திரவம் ஒரு சோதனைக்கே நிறையச் செலவாகிறது. மாதம் ஒருமுறைக்கு மேல் செய்யக் கட்டாது. அந்தச் சோதனை துல்லியமும் அல்ல. ஒரே குழாயை நான் 50 என்று படித்தேன், மனைவி 40 என்றாள். சூரியனுக்கு முதுகு காட்டி, குழாயை இடுப்பளவில் பிடித்து, உற்றுப் பார்க்காமல் சாதாரணமாகப் பார்த்தால் இருவரும் ஓரளவு ஒத்துப்போகிறோம். நீர் மிகக் குளிர்ந்திருந்தாலும் விடை பிசகும். வீட்டுக்குள் சற்று நேரம் வைத்திருந்து செய்ய வேண்டும். கையேடு எறும்பு எழுத்தில் இருக்கிறது. எந்தச் சோதனைக்கு எந்தப் புட்டி என்று மகள் வண்ணத் தாள் ஒட்டிய பிறகுதான் எனக்குத் தடுமாற்றம் தீர்ந்தது. புட்டியின் முனையில் சொட்டு சிறுத்து விழுந்தால் எண்ணிக்கை கூடிவிடும். ஈரத் துணியால் முனையைத் துடைத்துவிட்டால் சரியாகிறது.

என் தவறு ஒன்றையும் சொல்லி எச்சரிக்கிறேன். தொடக்கத்தில் பெட்டியைப் பம்ப் அறையில், குளோரின் கேனுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். இரண்டு மாதத்தில் ஒட்டுச்சீட்டுகள் உரிந்தன. பிஎச் பார்க்கும் சிவப்புத் திரவத்தின் நிறம் மாறியது. அதைப் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. இப்போது பெட்டி வீட்டுக்குள், அலமாரியில், புத்தகங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எண்ணைத் திரையில் காட்டும் மின்னணுக் கருவியை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி ஒரு வாரம் ஒப்பிட்டேன். வேகமாக இருக்கிறது. ஆனால் சின்னக் கண்ணாடிக் குப்பியில் விரல் ரேகை பட்டாலே எண் மாறுகிறது. நிறம் தெளிவதைக் கண்ணால் பார்க்கும் நம்பிக்கை எனக்கு அதில் வரவில்லை. உப்பிலிருந்து குளோரின் செய்யும் இயந்திரத்தையும் யோசித்தேன். அது நல்ல வழி. தினமும் கேன் தூக்க வேண்டாம். ஆனால் முதல் செலவு பெரியது, உள்ளிருக்கும் மின்தகடு சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும், பிஎச் ஏறிக்கொண்டே இருக்கும். அதை வாங்கினாலும் எத்தனை விழுக்காட்டில் ஓடவிடுவது என்று அறிய இதே பெட்டி வேண்டும். நாளுக்கு 40 கிராமில் குளம் நிற்கும்போது எனக்கு அவசரமில்லை.

மீதமிருந்த மாத்திரைகளை வீசிவிடவில்லை. நாங்கள் ஒரு வாரம் வெளியூர் போகும்போது மிதவையில் மூன்று போட்டுவிட்டுப் போகிறோம். திரும்பியதும் அமிலத்தை அளந்து நோட்டில் எழுதுகிறேன். ஒருபோதும் அந்த மிதவையில் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளைப் போட்டுவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒரே கரண்டியை இரண்டுக்கும் பயன்படுத்துவதுகூடக் கூடாது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வீட்டுக் குளங்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு, சயனூரிக் அமிலம் உள்ள நீரில் 2 பிபிஎம் குளோரின், பிஎச் 7.0 முதல் 7.8 வரை. செலவைக் குறைக்கிறேன் என்று யாரும் அதற்குக் கீழே இறங்கிவிடக் கூடாது. நான் 4-க்குக் கீழே விடுவதில்லை. அந்த நீரில் நடப்பது என் மனைவி. அதில் மூழ்கி எழுவது என் குழந்தை.

பெட்டிக்காகக் கொடுத்த பணம் முதல் ஏழு வாரத்திலேயே திரும்பிவிட்டது. அந்தக் கோடையில் நான் இன்னொரு வாளி வாங்கவில்லை. வெளிநாட்டுப் பெயர் பொறித்த விலை உயர்ந்த பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. இரண்டு சோதனைகள் உள்ளே இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்: சொட்டு எண்ணும் குளோரின் சோதனை, கறுப்புப் புள்ளி மறையும் சயனூரிக் அமிலச் சோதனை. சில மலிவுப் பெட்டிகளில் மஞ்சள் நிறம் காட்டும் பழைய முறைதான் இருக்கும். அதில் பிணைந்த குளோரினையும் மற்றதையும் பிரித்தறிய முடியாது. புட்டிகள் தனித்தனியாக மறுபடி கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்று மாலை மகள் எட்டு எண்ணினாள். நோட்டில் 4.0 என்று எழுதி, பக்கத்தில் பிணைந்தது 0 என்று குறித்திருக்கிறாள். சொட்டுப் புட்டியில் விரற்கடை அளவுதான் மீதி. நாளை புதியது வாங்க வேண்டும். வெயில் இறங்கிவிட்டது. 320 மில்லிலிட்டர் ஊற்றிவிட்டுப் போர்வையை இழுத்து மூட வேண்டும்.